வீட்டிலேயே நானூறு ஆல்பம்: ஆர். ஸ்டீவி மூர் சாதித்தாரா, தேங்கினாரா?

சுருள்நாடா எழுதியது:

எல்லாக் கருவிகளையும் ஒற்றை ஆளாக வாசித்து ராக் இசை செய்தவர்களில் யாரை முதலில் கேட்க வேண்டும் என்று சென்ற வாரம் வேறோர் இழையில் ஒருவர் கேட்டிருந்தார். நான் ஆர். ஸ்டீவி மூரின் பெயரைச் சொன்னேன். நண்பர் வெட்டொன்று, "நானூறு ஆல்பம் போட்டவரின் நான்கு பாட்டு யாருக்காவது தெரியுமா?" என்று ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். அந்த வரிக்கு அங்கே பதில் எழுதினால் இழை திசைமாறும் என்பதால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூர் 1952 ஜனவரி 18 அன்று அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலுள்ள நாஷ்வில் நகரில் பிறந்தார். தந்தை பாப் மூர், எல்விஸ் பிரெஸ்லி, ராய் ஆர்பிசன், பாட்சி கிளைன் ஆகியோரின் பதிவுகளுக்கு பேஸ் என்ற தாழ்சுருதித் தந்தி வாத்தியம் வாசித்தவர். நாஷ்வில் ஸ்டுடியோக்களில் 'ஏ-டீம்' என்று அழைக்கப்பட்ட வாத்தியக் குழுவில் ஒருவர். மகன் ஏழு வயதிலேயே, 1959-இல், கன்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸோடு சேர்ந்து ஒரு பாட்டைப் பாடிப் பதிவு செய்துவிட்டார். ரீவ்ஸ் விமான விபத்தில் இறந்து சில ஆண்டுகள் கழிந்த பின் அந்தப் பாட்டு இங்கிலாந்தில் விற்பனைப் பட்டியலில் ஏறியது. இப்படிப்பட்ட வீட்டில் பிறந்த பிள்ளை, அப்பா கை காட்டும் ஸ்டுடியோவுக்குப் போய் மணிக்கணக்குக்குச் சம்பளம் வாங்கி வாழ்ந்திருக்கலாம். அவரோ கிட்டார், பேஸ், டிரம்ஸ், கீபோர்டு எல்லாவற்றையும் தன் அறையில் வைத்துக்கொண்டு, டேப் ரெக்கார்டரை ஓடவிட்டுத் தனியே பாடத் தொடங்கினார். அப்படிச் சேர்ந்தவற்றிலிருந்து 1976-இல் 'ஃபோனோகிராஃபி' என்ற இசைத்தட்டு வந்தது. முதலில் அச்சிட்டது வெறும் 100 பிரதிகள். 1978-இல் நியூ ஜெர்சிக்குக் குடிபெயர்ந்தார். 1982-இல் 'கேசட் கிளப்' என்று ஒன்றைத் தொடங்கி, பட்டியலைப் பார்த்து யார் எந்த ஆல்பத்தைக் கேட்டாலும் தானே நகலெடுத்து அஞ்சலில் அனுப்பினார். கேசட் போய் வீட்டிலேயே பதியக்கூடிய எழுதுகுறுந்தகடு (சி.டி.-ஆர்) வந்தது, அதுவும் போய் இணையப் பதிவிறக்கம் வந்தது, அவர் நிறுத்தவில்லை.

ஐம்பது ஆண்டுகளாக ஒரு மனிதர், இதை வெளியிடலாமா என்று எவரிடமும் அனுமதி கேட்காமல் இருந்திருக்கிறார். நான் சாதனை என்று சொல்வது இதைத்தான்.

வெட்டொன்று எழுதியது:

அனுமதி கேட்காமல் இருந்தார் என்கிறீர்கள். கேட்டும் கிடைக்காமல் போயிருந்தால் அதற்கும் இதே பெயரைத்தானே வைப்பீர்கள்? எட்டாத பழத்தைப் புளிக்கும் என்று சொன்ன நரிக்குச் சுதந்திரச் சிந்தனையாளர் பட்டம் கொடுப்பது போல இருக்கிறது.

ஒற்றை ஆளாக ராக் இசை செய்வதில் மூர் முதல்வரும் அல்லர். பால் மெக்கார்ட்னி 1970-இல் தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்தை ஏறக்குறைய தனியாகவே வாசித்து முடித்தார். அமெரிக்க இசைக்கலைஞர் டாட் ரண்ட்கிரன் 1972-இல் வெளியிட்ட இரட்டை ஆல்பத்தின் நான்கு பக்கங்களில் மூன்றை முழுக்கத் தானே வாசித்தார். அதிலிருந்து வானொலியில் ஓடிய பாட்டுகளை இன்றும் அமெரிக்காவில் கேட்கலாம். இருவருக்கும் பின்னால் இசைத்தட்டு நிறுவனம் இருந்தது, கேட்கக் காத்திருக்கும் கூட்டம் இருந்தது, எதை விடலாம் எதை வைக்கலாம் என்ற பதற்றமும் இருந்தது. கலைக்கு அந்தப் பதற்றம் தேவை என்பது என் கட்சி.

'ஃபோனோகிராஃபி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையிலேயே நல்ல மெட்டுகள் அதில் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அவற்றுக்கு நடுவே அவர் தன்னைப் பற்றித் தானே விளக்கம் பேசும் துண்டும், ஒரு பழைய தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையை வாசித்துப் பார்த்த துண்டும் கிடக்கின்றன. பக்கத்தில் ஒரே ஒரு ஆள் உட்கார்ந்து "தம்பி, இது வேண்டாம்" என்று சொல்லியிருந்தால் போதும். அந்த ஆள் இல்லாத குறைதான் பிறகு நானூறு ஆல்பமாகப் பெருகியது.

பழைய மெக்கானிக் எழுதியது:

இருவரும் பேசுவது ரசிக்கத்தக்கதாக இருக்கிறது. ஆனால் அந்த அறைக்குள் என்ன நடந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. நான் எண்பதுகளில் திண்டுக்கல்லில் ஒரு ரெக்கார்டிங் கடையில் வேலை பார்த்தவன். இரண்டு டெக்குகளுக்கு நடுவே என் இளமை போனது. அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

எழுபதுகளில் மூரிடம், ஒவ்வொரு கருவியையும் தனித்தனித் தடத்தில் பதிந்து பிறகு கலக்கும் ஸ்டுடியோ இயந்திரம் இல்லை. வீட்டில் வைத்துக்கொள்ளும் இரண்டு சுருள்நாடா டெக்குகளை வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். முதல் டெக்கில் டிரம்ஸைப் பதிய வேண்டும். பிறகு அதை ஓடவிட்டு, அதோடு சேர்ந்து கிட்டாரை வாசிக்க வேண்டும். இரண்டும் கலந்து இரண்டாவது டெக்கில் பதியும். அதை ஓடவிட்டு பேஸ் வாசித்தால் மூன்றும் கலந்து மீண்டும் முதல் டெக்கில் பதியும். இப்படியே மாற்றி மாற்றிப் போய், பின்குரல், முன்குரல் எல்லாம் ஏறும் வரை பந்தாட்டம் நடக்கும்.

இதில் இரண்டு தண்டனைகள் உண்டு. ஒவ்வொரு நகலிலும் நாடாவின் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் ஒரு படி ஏறும், முதலில் பதிந்த கருவியின் கூர்மை ஒரு படி இறங்கும். எங்கள் கடையில் நகலின் நகலிலிருந்து மூன்றாவது நகல் எடுத்துக் கொடுத்தால், ஜால்ரா சத்தத்தைக் காணோம் என்று வாடிக்கையாளர் திரும்பி வந்து நிற்பார். மூரின் அக்காலப் பாட்டுகள் பலவற்றில் டிரம்ஸ் பக்கத்து அறையில் திரைக்குப் பின்னால் ஒலிப்பது போலவும், பாடும் குரல் காதருகே வந்து நிற்பது போலவும் இருப்பதற்கு இதுதான் காரணம். இரண்டாவது தண்டனை இன்னும் கொடுமையானது: கலந்தது கலந்ததுதான். நான்காவது சுற்றில் குரலைப் பதியும்போது, முதல் சுற்றில் அடித்த டிரம்ஸ் சற்று அதிகம் என்று தோன்றினால் ஒன்றும் செய்ய முடியாது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து அடிக்க வேண்டும்.

ஆகவே டிரம்ஸ் முன்னால் உட்காரும்போதே, இன்னும் பிறக்காத கிட்டாருக்கும் குரலுக்கும் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பது அந்த மனிதருடைய காதில் முழுதாக இருந்தாக வேண்டும். எடிட்டர் இல்லை என்கிறார் வெட்டொன்று. நான் பார்த்த வரையில், திரும்பிப் போக வழியில்லாத அந்த இயந்திரத்தைவிடக் கறாரான எடிட்டர் யாருமில்லை.

யாழினி எழுதியது:

மெக்கானிக் ஐயா எழுதியதை இரண்டு முறை படித்தேன். என் ஆட்சேபம் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த இழையில் எல்லோரும் "தனி ஆள்" என்கிறீர்கள். யார் தனி ஆள்?

டேப் டெக்கும் டிரம்ஸும் கீபோர்டும் ஓர் இளைஞனின் கைக்கு எளிதாக எட்டக்கூடிய வீடு அது. 'ஃபோனோகிராஃபி'யை இசைத்தட்டாக்க ஊக்கமும் உதவியும் தந்தவர் நியூ ஜெர்சியிலிருந்த மாமா ஹாரி பாமர். மருமகன் ஊர் மாறியதற்கும் அவரே தூண்டுதல். அங்கே போன பிறகு இசைத்தட்டுக் கடை வேலைதான் வயிற்றைக் கழுவியது. அவருடைய பாட்டுகளுக்குக் காது கொடுத்த டபிள்யூ.எஃப்.எம்.யூ. வானொலி, சம்பளம் வாங்காத அறிவிப்பாளர்களாலும் நேயர்களின் நன்கொடையாலும் நடந்த நிலையம். நிறுவனங்களை அண்டாமல் இருந்தார் என்பது சரி. உறவினரையும் தோழரையும் அண்டாமல் இருந்தார் என்று சொன்னால் அது புராணம். தொழிலாளி வீட்டுப் பையன் ஒருவன் இதே அளவு திறமையோடு பிறந்திருந்தால் அந்த இரண்டு டெக்குகளை எந்த வயதில் வாங்கியிருப்பான் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

நிறுவனத்தின் "பதற்றம்" கலைக்கு நல்லது என்று வெட்டொன்று சொல்வதையும் ஏற்க முடியவில்லை. எமிட் ரோட்ஸ் என்பவரை நினைவூட்டுகிறேன். கலிஃபோர்னியாவின் ஹாதார்ன் ஊரில், பெற்றோர் வீட்டுக் கொட்டகையில், எல்லாக் கருவிகளையும் தானே வாசித்து இருபது வயதில் ஒரு ஆல்பம் செய்தார். டன்ஹில் நிறுவனம் அதை 1970 இறுதியில் வெளியிட்டது. அமெரிக்காவின் பில்போர்டு விற்பனைப் பட்டியலில் 29-ஆம் இடம் வரை போனது. ஆனால் அவர் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி ஆறு மாதத்துக்கு ஓர் ஆல்பம் கொடுத்தாக வேண்டும். தனி ஆளாக ஒவ்வொரு கருவியையும் ஒவ்வொரு அடுக்காகப் பதிபவரால் அது எப்படி முடியும்? முடியவில்லை. நிறுவனம் 2,50,000 டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 1973-இல் வந்த மூன்றாவது ஆல்பத்தோடு அந்த ஓட்டம் நின்றது. அடுத்த ஆல்பம் வந்தது 2016-இல், 2020-இல் காலமானார். பதற்றம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

வெட்டொன்று எழுதியது:

ரோட்ஸுக்கு நடந்தது அநியாயம். அந்த ஒப்பந்தத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் யாழினி ஒன்றைக் கவனிக்கவில்லை. அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து அவர் செதுக்கியவற்றில் முன்னால் நிற்பது 1970-இல் வந்த அந்த ஓர் ஆல்பம். அது ஒன்றுக்காகவே இன்றும் நினைக்கப்படுகிறார். மூரைப் பற்றிப் பேசும்போதோ பாட்டைச் சொல்லாமல் எண்ணிக்கையைத்தான் முதலில் சொல்கிறோம். இந்த இழையின் தலைப்பே அதற்குச் சான்று.

மெக்கானிக் ஐயா சொன்னது எனக்குப் புதிது, நன்றி. ஆனால் இயந்திரம் ஒரு பாட்டுக்குள் எதை வைப்பது என்பதில்தான் கறாராக இருந்திருக்கிறது. எந்தப் பாட்டை வெளியே விடுவது என்பதில் அது வாயைத் திறக்கவில்லையே. 1984-இல் பாரிஸைச் சேர்ந்த நியூ ரோஸ் நிறுவனம் மூரின் பாட்டுகளைத் தேர்ந்தெடுத்து ஓர் இரட்டை இசைத்தட்டாக வெளியிட்டது. ஐரோப்பாவில் பலர் அவரை அறிந்தது அதன் வழியாகத்தான். மலையிலிருந்து கல்லை உடைத்துக் கொண்டுவந்து சபையில் வைக்க யாரோ ஒருவர் தேவைப்பட்டார் என்றுதானே இதற்குப் பொருள்?

சுருள்நாடா எழுதியது:

கல்லை உடைக்க மலை வேண்டுமே, ஐயா.

அந்த நானூறு என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், ஏனெனில் அதைத் தலைப்பில் வைத்த குற்றம் என்னுடையது. அதில் மேடைப் பதிவுகளும் உண்டு, மறுதொகுப்புகளும் உண்டு. ஒரே பாட்டு வெவ்வேறு கேசட்டுகளில் திரும்பத் திரும்ப வரும். அதை நாட்குறிப்பு போலப் படிக்க வேண்டும் என்பது என் எண்ணம். நாட்குறிப்பில் மார்ச் 4-ஆம் தேதி சுவாரசியமாக இல்லை என்று யாரும் அந்தத் தாளைக் கிழிப்பதில்லை. ஒருவர் பீட்டில்ஸ் சாயல் கொண்ட இன்னிசைக்காக உள்ளே நுழைவார், இன்னொருவர் கிறுக்குத்தனமான ஒலிச் சோதனைகளுக்காக நுழைவார். இருவருக்கும் பொதுவான கேசட் ஒன்றுகூட இல்லாமல் போகலாம். தேர்வை அவர் கேட்பவரிடம் ஒப்படைத்துவிட்டார். பட்டியலைப் பார்த்து வேண்டியதைக் கேட்டு வாங்கும் முறைக்கு அதுதான் அடிப்படை.

கிடைக்காததால் ஒதுங்கினார் என்ற வாதத்துக்கும் ஒரு செய்தி. இசைத்தட்டு நிறுவனங்களின் பிடி தளர்ந்த பிறகு, ஏரியல் பிங்க் போன்ற இளைய வீட்டுப்பதிவுக் கலைஞர்கள் இவரைத் தம் முன்னோடி என்று வெளிப்படையாகச் சொன்னார்கள். மூர் நாஷ்வில்லுக்குத் திரும்பி, 2011-இல், ஐம்பத்தொன்பதாம் வயதில், ரசிகர்களிடம் இணையத்தில் திரட்டிய பணத்தில் நாடு நாடாகக் கச்சேரி செய்யப் புறப்பட்டார். 2017-இல் ஜேசன் ஃபாக்னர் என்ற இசைக்கலைஞருடன் சேர்ந்து ஓர் ஆல்பம் வெளியிட்டார்.

வெட்டொன்று எழுதியது:

ஃபாக்னருடன் செய்ததை நானும் கேட்டிருக்கிறேன். மூரின் பெயரில் வந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். என் கட்சிக்கு நீங்களே சாட்சி கொண்டுவந்துவிட்டீர்கள்.

யாழினி எழுதியது:

நான் கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கேசட்டை நகலெடுக்கும் நேரம், வெற்றுக் கேசட்டின் விலை, அஞ்சல் செலவு எல்லாம் கடைச் சம்பளத்திலிருந்து போன பல ஆண்டுகளை "சுதந்திரம்" என்று நாம் கொண்டாடுகிறோம். அவருக்கு வேறு வழி இருந்திருந்தாலும் இந்த வழியையே தேர்ந்திருப்பார் என்று உங்களால் உறுதியாகச் சொல்ல முடியுமா, சுருள்நாடா?

சுருள்நாடா எழுதியது:

முடியாது. அந்த அளவில் உங்கள் ஆட்சேபத்தை ஒப்புக்கொள்கிறேன். "அனுமதி கேட்காமல்" என்று முதல் பதிவில் எழுதியதை "அனுமதிக்காகக் காத்திராமல்" என்று திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பழைய மெக்கானிக் எழுதியது:

வெட்டொன்று அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 'ஃபோனோகிராஃபி'யை இன்று இரவு ஹெட்போனில், ஒரு பாட்டையும் தாண்டாமல் கேளுங்கள். பாட்டு முடிந்து பேச்சுத் துண்டு வரும் இடத்தில் குரலை விட்டுவிட்டு, அதற்கு அடியிலிருக்கும் இரைச்சல் முன்னதைவிடக் கூடுகிறதா குறைகிறதா என்று பாருங்கள். எத்தனை சுற்று ஓடியது என்பது அதில் தெரியும்.

வெட்டொன்று எழுதியது:

கேட்டேன், ஐயா. பேச்சுத் துண்டுகள் வேண்டாம் என்ற கருத்தில் மாற்றமில்லை. நீங்கள் சொன்ன இரைச்சல் இடத்துக்கு இடம் மாறுவதும் காதில் விழுந்தது; அதன் பிறகு டிரம்ஸ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே இருந்ததால் பாதிப் பாட்டுகளில் வரிகளைக் கவனிக்கவில்லை. மொத்தத்தில் மூன்று துண்டுகளை நீக்கலாம் என்று நேற்றிரவு ஒரு தாளில் குறித்து வைத்தேன். காலையில் அலுவலகம் போகும் வழியில் மறுபடி ஓடவிட்டேன். அந்த மூன்றில் ஒன்றை அடித்துவிட்டு, அதற்குப் பதிலாக வேறொன்றை எழுதியிருக்கிறேன்.