புதுப்பிப்பு: மங்கிய யூரோப்பியம் படலம், குற்றவாளி தண்ணீர்தான்

பிஎம்எம்ஏ என்ற தெளிவான அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் சிலிக்கா நானோதுகள்களும் யூரோப்பியம் அணைவுச் சேர்மமும் (சிவப்பாக ஒளிரும் அருமண் உலோகத்தைச் சுற்றி வேறு மூலக்கூறுகள் பிணைந்தது) கலந்து வார்த்த படலம் மங்கலாகவே ஒளிர்கிறது, மேலே வெண்புகை போல ஒரு படிவு வேறு என்று முன்பு புலம்பியிருந்தேன். பாதிக்கு விடை கிடைத்துவிட்டது.

நான் சேர்த்த அணைவில் மூன்று டிடிஏ ஈனிகளோடு (ஈனி என்றால் உலோகத்தோடு பிணையும் மூலக்கூறு) இரண்டு நீர் மூலக்கூறுகளும் யூரோப்பியத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. ஈனி புற ஊதா ஒளியை வாங்கி உலோகத்துக்குக் கடத்தும். ஆனால் நீரின் ஓ-எச் (ஆக்சிஜன்-ஹைட்ரஜன்) பிணைப்பு அந்த ஆற்றலை அதிர்வாக உறிஞ்சி வெப்பமாக்கிவிடும். நீருக்குப் பதிலாக ஓ-எச் பிணைப்பே இல்லாத ஃபினாந்த்ரோலின் என்ற இன்னொரு ஈனியை உட்கார வைத்தேன். 365 நானோமீட்டர் விளக்கின் கீழே அதே அளவு படலம் இப்போது பளிச்சென்று சிவக்கிறது. நிறமாலையில் 612 நானோமீட்டர் அருகே அதே ஊசி முனை உச்சி, இடம் மாறவில்லை, உயரம்தான் கூடியிருக்கிறது.

வெண்புகை? சிலிக்கா துகள்கள் கட்டிதட்டியதுதான். துகள்கள் ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் சிலேன் (ஒரு சிலிக்கான் சேர்மம்) பூச்சு கொடுத்ததும் பெரும்பாலும் தெளிந்தது. சோம்பல்பட்டு மீயொலிக் கலக்கலைக் குறைத்தால் திரும்ப வருகிறது.

இன்னும் ஒரு தொல்லை: விளக்கின் கீழேயே விட்டால் ஒளிர்வு மெல்லத் தேய்கிறது. டிடிஏ போன்ற டைகீட்டோன் ஈனிகளுக்கு இது பழைய வியாதி. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.