ஒத்ததிர்வு தம்பத்தில் 330 வந்தால் சரியா, தப்பா?

நீலவானம்:
ஆய்வகத்தில் ஒலியின் வேகத்தை அளக்க ஒத்ததிர்வு காற்றுத் தம்பச் சோதனை செய்தோம். 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை, 3 செ.மீ. உள்விட்டமுள்ள குழாய். தண்ணீர் மட்டத்தை மெல்ல இறக்கிக்கொண்டே வந்தபோது குழாயிலுள்ள காற்றின் நீளம் 16.1 செ.மீ. ஆனதும் சத்தம் குப்பென்று பெருத்தது, அதுதான் ஒத்ததிர்வு. அது கால் அலைநீளம் என்பதால் நான்கால் பெருக்கி, அதிர்வெண்ணாலும் பெருக்கினால் நொடிக்கு 329.7 மீட்டர். புத்தகத்தில் 331 என்று இருக்கிறது. "கிட்டத்தட்ட வந்துவிட்டது, எழுதிக்கொள்" என்றார்கள். ஆனால் சுவரில் தொங்கிய வெப்பமானி 29 டிகிரி காட்டியது. 331 என்பது 0 டிகிரிக்குத்தானே? அப்படியென்றால் என் விடையை எப்படி எடுத்துக்கொள்வது?

பழைய வெர்னியர்:
தம்பி, முதலில் ஒரு சபாஷ். வெப்பமானியைத் திரும்பிப் பார்த்தீர்களே, அதற்கு. புத்தக எண்ணோடு ஒத்துப்போகும் விடையை யாரும் சந்தேகப்படுவதில்லை.

நீங்கள் அளந்தது சரி, கணக்கில்தான் ஓட்டை. டிகிரிக்கு 0.6 மீட்டர் வீதம் கூட்டினால் 29 டிகிரியில் சுமார் 349 வர வேண்டும். மீதி 19 மீட்டர் குழாயின் வாயில் தொலைந்திருக்கிறது. அதிரும் காற்று கண்ணாடி விளிம்போடு நிற்பதில்லை, கொஞ்சம் வெளியேயும் நீள்கிறது. விட்டத்தில் ஏறக்குறைய 0.3 பங்கு, அதாவது உங்கள் குழாய்க்கு 0.9 செ.மீ. 16.1 என்பதை 17.0 ஆக்கிக் கணக்குப் போட்டால் 348 வந்துவிடும்.

ஆனால் அந்த 0.3-ஐ நம்பிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. தண்ணீரை இன்னும் இறக்குங்கள். 50 செ.மீ. பக்கத்தில் இரண்டாவது ஒத்ததிர்வு கிடைக்கும், சத்தம் முதலாவதைவிடக் கம்மியாக இருக்கும். வாய்க்கு வெளியே நீளும் அந்தக் கூடுதல், அதாவது முனைத்திருத்தம், இரண்டு நீளத்திலும் ஒன்றேதான். கழித்தால் அடிபட்டுப் போகும், மிச்சம் அரை அலைநீளம். மட்டத்தை இறக்கும்போது ஒரு தடவை, ஏற்றும்போது ஒரு தடவை குறித்துச் சராசரி எடுங்கள். கவையை ரப்பர் கட்டையில் தட்டுங்கள். மேசை விளிம்பில் தட்டினால் வேறு சுரங்களும் கிளம்பிக் காதைக் குழப்பும்.

மேடைக்காரன்:
திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு ஒலியமைப்பு செய்கிறேன். எங்களுக்கு இந்த டிகிரிக் கணக்கு தினசரிப் பிழைப்பு. மேடைச் சத்தம் வந்து சேரும் அதே நேரத்தில் ஒலிக்கும்படி, மேடையிலிருந்து 60 மீட்டர் தள்ளி வைத்த ஸ்பீக்கருக்கு 35 டிகிரி வெயிலில் 170 மில்லிநொடி தாமதம் கொடுப்பேன். ராத்திரி 24 டிகிரிக்கு இறங்கினால் அது 173க்கு மேல் போய்விடும். மாற்றாமல் விட்டால் பாட்டு லேசாகக் கலங்கும்.

நீலவானம்:
இரண்டாவது 50.2 செ.மீ.யில் கிடைத்தது! வித்தியாசம் 34.1, அதை இரண்டாலும் அதிர்வெண்ணாலும் பெருக்கினால் விடை 349.2. இசைக்கவை இல்லாமல் வெளியே அளக்க வழி இருக்கிறதா?

பழைய வெர்னியர்:
இருக்கிறது. அதற்கு முன் உங்கள் விடையைப் பற்றி ஒன்று: குழாய்க்குள் ஈரக்காற்று என்பதால் ஓரிரு மீட்டர் கூடுதலாக வந்தாலும் கவலைப்படாதீர்கள், நீராவி மற்ற காற்றைவிட இலேசு.

வெளியே அளக்க இரண்டு செல்போன், ஒரு நண்பர், அளவு நாடா போதும். ஃபைஃபாக்ஸ் என்ற இலவசச் செயலியில் ஒலியால் ஓடி ஒலியால் நிற்கும் நிறுத்துக்கடிகாரம் உண்டு. போன்களை 5 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். நீங்கள் ஒரு போனருகில் கைதட்டினால் இரண்டும் ஓடத் தொடங்கும். பிறகு நண்பர் மற்ற போனருகில் தட்டினால் இரண்டும் நிற்கும்.

சும்மா_ஒரு_சந்தேகம்:
போன் கடிகாரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாதே. மில்லிநொடி விளையாட்டில் அது எடுபடுமா?

பழைய வெர்னியர்:
ஒத்துப்போக வேண்டிய தேவையே இல்லை, அதுதான் இதில் எனக்குப் பிடித்தது. உங்கள் பக்கத்துப் போன் உடனே ஓடும், ஆனால் தாமதமாக நிற்கும். எதிர்ப்பக்கத்துப் போன் தாமதமாக ஓடி உடனே நிற்கும். நண்பர் எப்போது தட்டினார் என்பது இரண்டிலும் பொதுவாக இருப்பதால் கழித்தால் போய்விடும். வித்தியாசம், ஒலி போய்வரும் நேரம். 5 மீட்டருக்குச் சுமார் 29 மில்லிநொடி. 10 மீட்டரை அதால் வகுத்தால் வேகம்.

காற்று வீசினாலும் ஒரு திசையில் கூடுவது மறுதிசையில் குறைவதால் பெரும்பாலும் சமன்படும். 1822-இல் அரகோ, கே-லுசாக், ஹம்போல்ட் முதலான அறிவியலாளர்கள் பாரிஸ் அருகே வில்ஜுயிஃப், மோன்லேரி என்ற இரண்டு இடங்களிலிருந்து மாறிமாறிப் பீரங்கி சுட்டதும் இதற்காகத்தான். இடையில் 18 கிலோமீட்டருக்கு மேல். இரவில் தீப்பொறியைப் பார்த்ததும் காலக்கணிப்பானை ஓடவிட்டு, வெடிச்சத்தம் வந்து சேரச் சுமார் 55 நொடி காத்திருந்தார்கள். 16 டிகிரியில் அவர்களுக்குக் கிடைத்தது ஏறக்குறைய 341.

நீங்கள் கைதட்டும்போது இரண்டு போன்களும் இருக்கும் அதே நேர்கோட்டில், உங்கள் போனுக்குப் பின்னால் நில்லுங்கள். அப்போதுதான் கைக்கும் போனுக்கும் இடையிலுள்ள தூரமும் கழிந்துபோகும். பக்கவாட்டில் நின்றால் கழியாது.