நாகேஸ்வரராவ் பூங்காவில் தங்கையின் திருமணம்: அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டுங்கள்

வணக்கம். சென்னை மயிலாப்பூர் நாகேஸ்வரராவ் பூங்காவில், தை மாதத்தில் ஒரு ஞாயிறு காலை தங்கையின் திருமணத்தை நடத்த விரும்புகிறோம். மொத்தம் 25 பேர். பந்தல், ஒலிபெருக்கி எதுவும் இல்லை. மர நிழலில் இரண்டு மாலைகள், ஒரு தாலி, பெரியவர்களின் வாழ்த்து. அப்பா இருபது ஆண்டுகள் தினமும் நடந்த பூங்கா அது. அவர் இல்லாத திருமணம் அவருடைய இடத்திலாவது நடக்கட்டும் என்கிறாள் தங்கை. எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது.

சடங்கைப் பற்றிக் கவலையில்லை. இந்து திருமணச் சட்டத்தில் 1967இல் தமிழ்நாடு கொண்டுவந்த திருத்தத்தின் 7ஏ பிரிவுப்படி, உறவினர், நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினாலே இந்து திருமணம் செல்லும், புரோகிதர் கட்டாயமில்லை. 90 நாட்களுக்குள் பதிவும் செய்துவிடுவோம்.

அனுமதிதான் புரியவில்லை. மாநகராட்சிப் பூங்காவில் இப்படி நடத்தியவர்கள் இருந்தால், யாரிடம், எத்தனை நாள் முன்னதாக மனு கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். பாட்டிக்கு முழங்கால் வலி. நான்கைந்து நாற்காலிகளை உள்ளே எடுத்துச் செல்ல விடுவார்களா? நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத நேரம் எது? மழை வந்தால் ஒதுங்க, லஸ் பக்கம் சிறிய கூடம் ஏதேனும் தெரிந்தாலும் சொல்லுங்கள்.