புதிரில் கண்ணில் படுவது ஆட்டத்தில் ஏன் படுவதில்லை?

கேள்வி:
வணக்கம். ஓராண்டாக லிசெஸ் தளத்தில் நாள்தோறும் நாற்பது செஸ் புதிர்கள் போடுகிறேன். புதிர் ரேட்டிங் 1800-ஐத் தாண்டிவிட்டது. பத்து நிமிட ஆட்டத்திலோ 1200-ஐ விட்டு நகரவில்லை. நேற்று இரண்டு சிப்பாய்கள் கூடுதலாக இருந்தும், எதிராளியின் குதிரை இ2 கட்டத்துக்குத் தாவி, ஜி1-இல் நின்ற என் ராஜாவுக்குச் செக் வைத்து, சி1 யானையையும் பிடித்துவிட்டது. இதையே புதிராகக் கொடுத்திருந்தால் இரண்டு நொடியில் கண்டிருப்பேன். எங்கே தவறுகிறேன்?

மறுமொழி 1:
புதிர் என்றதுமே, வெல்லும் நகர்வு ஒன்று இருக்கிறது என்ற துப்பு உங்களுக்குக் கிடைத்துவிடுகிறது. மேலும் அங்கே தாக்குபவர் எப்போதும் நீங்கள்தான். ஆட்டத்திலோ, எதிராளி காயை வைத்ததும் அவருக்கு என்ன செக் இருக்கிறது, எதை வெட்டுவார் என்று பார்த்த பிறகே உங்கள் நகர்வை யோசிக்க வேண்டும். இத்தாலியத் தொடக்கம் என்ற ஆரம்ப நகர்வு முறையில் வெள்ளையின் பிஷப் சி4-இலும் குதிரை ஜி5-இலும் நிற்கும்போது, எஃப்7 சிப்பாய்க்கு ராஜாவைத் தவிர வேறு காவல் இல்லை. அதைக் கவனியாமல் கருப்பு எச்6-க்குச் சிப்பாயை ஆடிக் குதிரையை விரட்டப் பார்த்தால், அது எஃப்7-ஐ வெட்டி ராணியையும் யானையையும் ஒருசேரப் பிடிக்கும். டி5 ஆடிப் பிஷப்பை மறிப்பதே வழக்கம்.

மறுமொழி 2:
நாற்பது வேண்டாம், பத்து போதும். எதிராளியின் சிறந்த பதில் வரை மனத்துக்குள் கண்ட பிறகே காயைத் தொடுங்கள். தவறியதை ஒரு வாரம் கழித்து மீண்டும் போடுங்கள். என் தோல்விகளை நோட்டில் குறித்துவந்தபோது, பெரும்பாலானவை காய்களை வெட்டி மாற்றிய அடுத்த நகர்விலேயே நேர்ந்திருந்தன.

மறுமொழி 3:
சில காய்களே மிஞ்சியிருக்கும் முடிவாட்டத்தையும் படியுங்கள். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டத்துக்கான 14-ஆம் ஆட்டத்தில் டிங் லிரென் யானையை எஃப்2-இல் வைத்துத் தவறினார். யானைகள் வெட்டுப்பட்டதும் குகேஷ் பிஷப்பை டி5-க்குக் கொண்டுவந்து பிஷப்புகளையும் மாற்றவைத்தார். மிஞ்சிய சிப்பாய் ஆட்டத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த அவருக்கே வெற்றி. டிங்கின் அந்தத் தவறு தமக்கும் உடனே தெரியவில்லை, வேறு நகர்வை ஆடவிருந்தேன் என்று குகேஷ் பிறகு சொன்னார். நின்று பார்த்ததால் அவருக்குத் தெரிந்தது.

கேள்வி கேட்டவர்:
மூவருக்கும் நன்றி. நேற்றைய ஆட்டத்தைத் திரும்ப ஓட்டினேன். இரண்டு நகர்வுகளுக்கு முன்பே அந்தக் குதிரை எஃப்4-இல் வந்து நின்றிருக்கிறது. அப்போது நான் அந்தப் பக்கமே பார்க்காமல், என் சிப்பாயைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.