மூன்று பேண்ட் எக்ஸ்பாண்டரில் நடு பேண்ட் மட்டும் படபடக்கிறது, உதவுங்கள்

வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து எழுதுகிறேன். அப்பா கேசட்டில் பதிந்து வைத்த கச்சேரிகளுக்காகப் பழைய மூன்று பேண்ட் எக்ஸ்பாண்டர் ஒன்று வாங்கினேன். ஒலியைக் கீழ், நடு, மேல் என்று மூன்று அதிர்வெண் பகுதிகளாக (பேண்ட்) பிரித்து வேலை செய்யும் பெட்டி அது.

கேசட்டில் பதியும்போது உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளி சுருங்கிவிடும். இது அதைத் திரும்ப விரிக்கிறது. விகிதம் 1.4 என்று வைத்தால் 10 டெசிபல் ஏற்றம் 14 ஆகிறது. ஒரே பேண்ட் என்றால் மிருதங்கத்தின் தொப்பி விழும்போதெல்லாம் டேப் இரைச்சலும் சேர்ந்து எழும்பி அடங்கும். இதில் ஒவ்வொரு பேண்டுக்கும் தனி டிடெக்டர் (ஒலியின் அளவை அளப்பது), தனி விசிஏ (அதற்கேற்ப ஒலியைக் கூட்டிக் குறைப்பது). அதனால் தொப்பி அடி கீழ் பேண்டை மட்டுமே தூக்குகிறது. கேட்க அவ்வளவு சுகம்!

சிக்கல் நடு பேண்டில். போனிலிருந்து 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியைச் சீராகக் கொடுத்தாலும் அந்த பேண்டின் எல்இடி வரிசை மட்டும் படபடக்கிறது. பாடகர் நீளமாக இழுக்கும் இடத்தில் குரல் கரகரக்கிறது. பவர் சப்ளை கெபாசிட்டர்களை மாற்றிவிட்டேன். பிளஸ் மைனஸ் 15 வோல்ட் சரியாக நிற்கிறது.

டிடெக்டரின் டைமிங் கெபாசிட்டர் (அது எவ்வளவு வேகமாக மாறும் என்று தீர்மானிப்பது) மதிப்பு குறைந்து, கெயின் (ஒலியைப் பெருக்கும் அளவு) நிதானமாக மாறாமல், உள்ளே வரும் சிக்னலின் அலையையே பின்தொடர்கிறதோ என்று சந்தேகம். சாதா எலக்ட்ரோலைட்டிக் போடலாமா, கசிவு குறைந்த டேன்டலம்தான் வேண்டுமா? அப்புறம், விசிஏ பக்கம் இருக்கும் ட்ரிம்மரை (திருகிச் சரிசெய்யும் சின்ன பாகம்) தொடலாமா? காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஆசிலோஸ்கோப் வைத்திருக்கும் அண்ணன்மார் யாராவது இருந்தால் சொல்லுங்கள், பெட்டியோடு வந்துவிடுகிறேன்.