காலையில் ஓர் அளவு, மதியம் வேறு அளவு: டிபிபிசி படலமும் அறை வெப்பநிலையும்

கேள்வி – முதுகலை மாணவி, நாகர்கோவில்
லாங்மியூர் தொட்டியில் (நகரும் தடுப்புள்ள ஆழமற்ற நீர்த்தொட்டி) தூய நீரின் மேல் டிபிபிசி என்ற லிப்பிட்டை (இரு கொழுப்பமில வால்கள் கொண்ட கொழுப்பு மூலக்கூறு) ஒரு மூலக்கூறு தடிமனுள்ள ஒற்றைப்படலமாகப் பரப்பி அமுக்கும்போது, பரப்பு குறையக் குறையப் படலத்தின் அழுத்தம் மாறுவதைக் காட்டும் வரைகோட்டில் ஏறத்தாழக் கிடைமட்டமாக வரும் பகுதி, காலையைவிட மதியத்தில் சில மில்லிநியூட்டன்/மீட்டர் உயரத்தில் அமைகிறது. குப்பியும் கரைப்பானும் மாறவில்லை. அறையில் ஏசி இல்லை. வெப்பநிலை மட்டுமே இவ்வளவு வேறுபாட்டைத் தருமா?

பதில் – இயற்பியல் ஆசிரியர், மார்த்தாண்டம்
தரும். அந்தப் பகுதியில், கொழுப்பமில வால்கள் நெளிந்து கிடக்கும் விரிந்த நிலையும், அவை நிமிர்ந்து நெருங்கி நிற்கும் செறிந்த நிலையும் சேர்ந்தே இருக்கின்றன. வெப்பம் கூடும்போது வால்களின் அசைவு மிகுவதால், அவற்றை ஒழுங்குபடுத்தக் கூடுதல் அழுத்தம் தேவைப்படுகிறது. டிபிபிசிக்கு அந்த உயர்வு டிகிரிக்குச் சுமார் 1 முதல் 2 மில்லிநியூட்டன்/மீட்டர் வரை இருக்கும். நம் வீட்டுத் தேங்காய் எண்ணெய் 24 டிகிரி செல்சியஸை ஒட்டி உறைகிறது. ஆனால் நீரின் மேல் உள்ள படலத்துக்கு அப்படி ஒரே உருகுநிலை கிடையாது, அழுத்தத்தைப் பொறுத்து அது இடம் மாறும். அயல்நாட்டு ஆய்வுகளில் ‘அறை வெப்பநிலை’ என்றால் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி. நம் ஊர் மதியம் அதைத் தாண்டிவிடும். ஆகவே அவர்களின் வரைகோட்டோடு உங்களுடையதை அப்படியே ஒப்பிடாதீர்கள்.

பதில் – ஆய்வு மாணவர், தக்கலை
ஒரு சிறு சேர்க்கை. நீரின் பரப்பு இழுவிசையே டிகிரிக்குச் சுமார் 0.15 மில்லிநியூட்டன்/மீட்டர் குறைகிறது என்பதால், படலம் பரப்பும் முன் ஒவ்வொரு முறையும் அழுத்த அளவீட்டின் சுழியைச் (பூஜ்ஜியத்தை) சரிசெய்ய வேண்டும். நீர் ஆவியாகி மட்டம் இறங்கினால், அழுத்தத்தை அளக்க நீரில் ஓரளவு அமிழ்ந்து தொங்கும் வில்ஹெல்மி தகட்டின் மிதப்பு குறைந்து, அழுத்தம் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்.

மாணவி
நன்றி. இரு ஒற்றைப்படலங்கள் வாலோடு வால் சேர்ந்த இரட்டைப்படலத்திலும் இதே போக்குதானா?

மார்த்தாண்டம் ஆசிரியர்
அங்கே மாற்றம் இன்னும் கூர்மையானது. டிபிபிசி இரட்டைப்படலம் சுமார் 41 டிகிரியில் ஜெல் நிலையிலிருந்து பாய்ம நிலைக்கு மாறுகிறது. அப்போது ஒரு மூலக்கூறு பிடிக்கும் பரப்பு சுமார் 0.48 சதுர நானோமீட்டரிலிருந்து 0.63 அளவுக்கு விரிகிறது, படலம் மெலிகிறது, மூலக்கூறுகளின் பக்கவாட்டு நகர்வு பன்மடங்கு வேகமடைகிறது. வால் சற்றுக் குட்டையான டிஎம்பிசி என்ற லிப்பிட்டுக்கு இது சுமார் 24 டிகிரியிலேயே நடப்பதால், ஏசி அறையில் ஜெல்லாக இருக்கும் படலம் உங்கள் அறையில் பாய்மமாகவே இருக்கும். தொட்டிக்கு அடியில், வெப்பநிலையை நிலையாக வைக்கும் சுழல்நீர்க் குளியல் பொருத்த இயலாவிட்டால், ஒவ்வொரு வரைகோட்டின் ஓரத்திலும் நீரின் வெப்பநிலையைக் குறித்துவிடுங்கள், அறையினுடையதை அல்ல.