மறுமொழி: குடல் இணைப்புக் கசிவும் ‘வெற்றிடச் சிகிச்சை’யும்

வணக்கம்.

அறுவையில் வெட்டி இணைத்த குடல், இணைத்த இடத்தில் விட்டுப்போவதையும், அதற்கு உள்ளே ஸ்பாஞ்சு வைத்து உறிஞ்சும் சிகிச்சையையும் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சுக்கு இது என் பதில். முதலாவதற்குக் ‘கசிவு’ இருக்கட்டும் என்பது என் கட்சி. சுவர்தான் கசியும், கூரை ஒழுகும், குடல் இணைப்பு விட்டு மலம் வயிற்றுக்குள் இறங்குவதைப் போய்க் கசிவு என்பதா என்று ஒருவர் கேட்டது நியாயம்தான். ஆனால் வாயுக் கசிவு என்றால் யாரும் லேசாக எடுத்துக்கொள்வதில்லையே. ‘தையல் கசிவு’ மட்டும் வேண்டாம். குடலை ஸ்டேப்ளர் போட்டு இணைத்த இடத்தில் தையல் ஏது?

எனக்கு இடிப்பது ‘வெற்றிடச் சிகிச்சை’. மலக்குடல் இணைப்பு விட்டுப்போய்ப் பக்கத்தில் சீழ்க்குழி கட்டிவிட்டது, ஆனால் சீழ் வயிறெங்கும் பரவவில்லை, ஆளும் திடமாக இருக்கிறார் என்று வையுங்கள். (பரவிவிட்டால் வயிற்றைத் திறப்பதைத் தவிர்ப்பது கடினம், அது வேறு கதை.) அப்போது ஆசனவாய் வழியாக எண்டோஸ்கோப்பை (உள்ளே பார்க்க உதவும் கேமராக் கருவி) விட்டு, குழிக்குள் ஒரு ஸ்பாஞ்சை வைத்து, அதன் குழாயை வெளியே கொண்டுவந்து உறிஞ்சும் கருவியில் மாட்டுகிறார்கள். அது சீழையும் இழுக்கும், குழியின் சுவர்களையும் உள்நோக்கி இழுத்துச் சுருக்கும். சில நாளுக்கு ஒருமுறை பழையதை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும், குழி சுருங்கச் சுருங்க ஸ்பாஞ்சையும் சின்னதாக வெட்டிக்கொண்டே வருவார்கள்.

இதில் வெற்றிடம் எங்கே இருக்கிறது? வழக்கமாக வைக்கிற உறிஞ்சழுத்தம் 125 மில்லிமீட்டர் பாதரசம் அளவு. கடல்மட்டக் காற்றழுத்தமோ 760. ஆறில் ஒரு பங்கு குறைகிறது, அவ்வளவுதான். வேலை செய்வது உறிஞ்சல், அதைப் பேரில் வைக்காமல் எதற்கு வெற்றிடம்?

ஆகவே ‘உறிஞ்சுபஞ்சுச் சிகிச்சை’ என்கிறேன். ‘உறிஞ்சுபஞ்சு’ வினைத்தொகை, நடுவில் ஒற்று மிகாது, அங்கே சந்திச் சண்டைக்கும் இடமில்லை. ஸ்பாஞ்சுக்குப் பஞ்சா என்று கேட்பவர்களுக்கு, கடற்பஞ்சு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. கசிவை அடைக்க வைக்கிற கிளிப், ஸ்டென்ட் எல்லாம் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும், எல்லாவற்றையும் தமிழாக்கியே தீர வேண்டும் என்ற வீம்பு எனக்கு இல்லை.

ஒரு சங்கடம் உண்டு. தங்கையிடம் சொல்லிப் பார்த்தேன். “வயித்துக்குள்ள பஞ்சை வச்சுத் தைச்சுட்டாங்கன்னு நியூஸ்ல வருமே, அதுவா?” என்றாள். சரி, பஞ்சை நுரையாக்கலாம் என்று ‘உறிஞ்சுநுரை’ போட்டுப் பார்த்தால் சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இந்தக் குழாயோடு படுத்திருப்பவர்களிடம் தினமும் பேசுகிற செவிலியர் யாராவது இங்கே இருந்தால், வார்டில் இதை என்ன சொல்லிப் புரியவைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அது நன்றாக இருந்தால் என்னுடையதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.